தாங்கும் நேரம்

உப்புக்கரையின் தாங்கும் நேரம் முந்நூற்றுப் பத்து மணி என்று திரை காட்டியது. தொண்ணூற்றிரண்டு ஊர்களின் பட்டியலில் அதுதான் கடைசி. அதைப் பார்த்ததும் அமுதவல்லிக்கு நிம்மதியாக இருந்தது. ஓர் ஊரையாவது இப்போதைக்கு மறந்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்ற நிம்மதி. பின்னால் அவள் வெட்கப்பட எத்தனையோ காரணங்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் அவளுக்கு முகம் அதிகமாகச் சுட்டது.

'கமலி' புயல் கரை கடந்து அப்போது ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அமுதவல்லி தென்கோடி ஊரக மின் கூட்டுறவுச் சங்கத்தின் செயற்பொறியாளர். நாற்பத்தைந்து வயது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே சங்கம், ஆலங்கொல்லையில் அதே கட்டடம். அவள் சேர்ந்த காலத்தில் ஒரு பெரிய புயல் அடித்தால் அடுத்ததற்கு ஐந்தாறு வருஷம் ஆகும். இப்போது வருஷத்துக்கு மூன்று புயல். கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் முதல் காற்றிலேயே பறந்துவிடுவதால், எல்லா ஊரும் திரும்பவும் கம்பத்தையும் கம்பியையும்தான் நம்பியிருந்தது. இன்னொரு பக்கம், டிராக்டர்களெல்லாம் பேட்டரிக்கு மாறிவிட்டன. இறால் குளிர்கிடங்குகள் வந்துவிட்டன. ஊருக்கு ஊர் புது இணைப்பு கேட்டு மனுக்கள் குவிந்தன. சங்கத்தில் லைன்மேன்கள் அறுபத்து நான்கு பேர். விழுந்ததை நிமிர்த்தவும் அவர்கள்தான், புதிதாக இழுக்கவும் அவர்கள்தான்.

யாரை எங்கே அனுப்புவது என்பதை ஐந்து ஆண்டுகளாக 'வரிசை' சொல்லிவந்தது. அது ஒரு கணினி அமைப்பு. ஒரு பல்கலைக்கழகக் குழுவை வைத்துக்கொண்டு அமுதவல்லி உருவாக்கியது. அதை இயக்குநர் குழுவுக்கு விளக்கிய நாளில் சங்கத் தலைவர் வேதரத்தினம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஒரு ஊரு எவ்வளவு நாளு தாங்கும்னு மிஷினுக்கு எப்படிம்மா தெரியும்?”

“ஜனங்களே சொல்லிடுவாங்க சார். கரண்ட் போயி எத்தனாவது மணியில முதல் போன் வருது, எப்ப ரோட்டுல உக்கார்றாங்க, எப்ப கலெக்டருக்கு மனு போகுது, எல்லாம் பத்து வருஷமா நம்மகிட்ட பதிவாயிருக்கு. அதப் படிச்சு, இந்த ஊரு இவ்வளவு நேரம் தாங்கும்னு அதுவே சொல்லும். அதுக்குள்ள நாம போயிட்டா போதும். மிச்ச நேரத்துக்கு ஆளுங்களப் புது வேலைக்கு அனுப்பலாம்.”

வேதரத்தினம் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் சாலை மறியல் என்பதே அந்த வட்டாரத்தில் இல்லாமல் போனது. வேறு மாவட்டங்களிலிருந்து பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புயலிலும் வளர்கிற சங்கம் என்று பேர் வந்தது.

கமலியில் இரண்டாயிரத்துச் சொச்சம் கம்பங்கள் சாய்ந்தன. ஆஸ்பத்திரிகளுக்கும் ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிகளுக்கும் முதலில் மின்சாரம் போனது. அவற்றுக்குத் தாங்கும் நேரம் பார்ப்பதில்லை. அதன் பிறகுதான் வரிசை. மூன்றாம் நாள் காலை வேதரத்தினம் நேரில் வந்து மணற்காட்டு மீன் ஆலையைப் பற்றிப் பேசினார். எண்ணூறு பெண்களுக்கு வேலை தரப்போகிற ஆலை. அதற்கான புது லைன் பாதியில் நின்றது. இன்னும் தாமதமானால் ஆலைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அமுதவல்லி திரையைப் பார்த்தாள். உப்புக்கரையும் இன்னும் நான்கு ஊர்களும் காத்திருக்கலாம், பதினாறு பேரை மணற்காட்டுக்கு விடலாம் என்று அது காட்டியது. கையெழுத்துப் போட்டாள்.

ஃபோர்மேன் முருகையன் அந்த உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். சங்கத்தில் அவளைவிட மூத்த ஊழியர். தேவையில்லாமல் பேசுகிறவர் அல்ல.

“உப்புக்கரையில ஒரு தண்ணி மிஷின் இருக்கு மேடம். உப்புத்தண்ணிய நல்ல தண்ணியாக்குறது. அத விட்டா அங்க குடிக்க ஒண்ணும் கெடையாது.”

அவள் பட்டியலில் தேடினாள். குடிநீர் நிலையங்கள் என்ற தலைப்பில் அது இல்லை. பெண்கள் குழு ஒன்று நடத்துகிற நிலையம் என்பதால் சிறுதொழில் என்று பதிவாகியிருந்தது, மாவு மில்லுக்கும் பட்டறைக்கும் நடுவில்.

“அங்கேருந்து யாராவது போன் பண்ணாங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப சமாளிக்கிறாங்கன்னுதான் அர்த்தம்” என்றாள். முருகையன் உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. ஊரிலிருந்து அல்ல, தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து. உப்புக்கரையிலிருந்து வாந்திபேதியோடு பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள், கடல் புகுந்த குளத்துத் தண்ணீரைக் குடித்திருக்கிறார்கள், அங்கே மின்சாரம் எப்போது வரும் என்று மருத்துவர் கேட்டார். அமுதவல்லி அந்த நிமிஷமே மணற்காட்டு வேலையை நிறுத்தினாள். பதினாறு பேரும் உப்புக்கரைக்குப் போனார்கள். பத்தொன்பது கம்பங்கள், ஒரு மின்மாற்றி. ஒன்றரை நாளில் வேலை முடிந்தது. தண்ணீர் நிலையம் ஓடத் தொடங்கியபோது சித்திரவேல் என்ற உப்பளத் தொழிலாளி இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு வயது. அந்த நிலையத்தை நடத்துகிற குணவதியின் கணவன்.

ஒன்றரை நாள் வேலை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து இயக்குநர் குழு கூடியது. பேச்சு அதிகம் இல்லை. ஆறு ஆண்டுகளாக உப்புக்கரையிலிருந்து ஓர் அழைப்புகூட இல்லை, அதனால் கருவி அப்படிக் கணித்தது, யார் மீதும் தவறில்லை, குடிநீர்ப் பட்டியலைச் சரிசெய்தால் போதும் என்று தீர்மானம் எழுதினார்கள். வேதரத்தினம் அவள் தோளருகே வந்து, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார்.

ஆறு ஆண்டுகளாக ஓர் அழைப்புகூட இல்லை என்பது அவளை உறுத்தியது. அறைக்குப் போய்ப் பழைய பதிவுகளைத் திறந்தாள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் உப்புக்கரை அப்படி இல்லை. வட்டாரத்திலேயே அதிகமாகக் கூப்பிடுகிற ஊர்களில் ஒன்று. ஒரு சாதாரண மின்தடைக்கு இருபது முப்பது அழைப்புகள். பிறகு ஒரு நாள், ஒரே நாளில், நின்றுவிட்டது. குறைந்துகொண்டே வந்து நிற்கவில்லை. முந்தைய நாள் நாற்பத்தொரு அழைப்புகள். அடுத்த நாள் எதுவும் இல்லை. அதன் பிறகும் எதுவும் இல்லை.

கடைசியாக அழைப்பு வந்த அந்தத் தேதியை அவள் வேறு எங்கும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. லைன்மேன் ராயப்பன் உப்புக்கரைக் கம்பத்தில் இறந்த நாள் அது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு உப்புக்கரைக்குப் போனாள். உப்பளங்களில் கடல் சேறு இன்னும் வழிக்கப்படாமல் கிடந்தது. தண்ணீர் நிலையத்தில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள்தான் குணவதி என்று ஒருத்தி காட்டினாள். தாலி இல்லாத கழுத்து. வெளிறிப்போன நீலப்புடவை. அமுதவல்லி யாரென்று தெரிந்ததும், பக்கத்தில் நின்றவளிடம் குழாயைக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அமுதவல்லி உட்காரவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. ஏன் ஒரு போன்கூடச் செய்யவில்லை என்றுதான் கேட்டாள். கேட்டபிறகு, குற்றம் சாட்டுவதுபோல ஆகிவிட்டதே என்று கூசினாள்.

குணவதி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

“நாங்க கூப்புடுறது இல்லைங்க மேடம். ராயப்பண்ணன் போனதுலேருந்து. அன்னிக்கி ஊரே மாத்தி மாத்தி போன் போட்டு உங்க ஆபீஸ உலுக்கி எடுத்துட்டோம். அதுல பாதி இவுரு போட்டதுதான். அண்ணன் கம்பத்துல இருக்குறப்பவே கீழேருந்து எப்ப வரும் எப்ப வரும்னு கத்துனோம். அவசரத்துல எர்த் ராடு மாட்டாம ஏறிட்டாருன்னு உங்க ஆபீஸ்ல எழுதியிருந்தாங்க. ஜனங்க அவசரப்படுத்துனதாலன்னு அதுலயே போட்டிருந்துச்சு. எங்களுக்குப் படிச்சுக் காட்டுனாங்க.”

எர்த் ராடு என்பது வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் கம்பியில் மாட்டித் தரையோடு இணைக்கிற இரும்புத்தடி. எங்கிருந்தாவது மின்சாரம் தவறி வந்தாலும் அது தரைக்குப் போய்விடும்.

அன்று ஊர் கூடி ஒரு முடிவு எடுத்ததாகக் குணவதி சொன்னாள். இனி எத்தனை நாள் ஆனாலும் மின் சங்கத்து ஆட்களை அவசரப்படுத்துவதில்லை. வருகிறபோது வரட்டும். யாராவது போனை எடுத்தால் சித்திரவேல் பிடுங்கி வைத்துவிடுவான்.

“எட்டாம் நாளு பேதியில சுருண்டு கெடக்குறாரு. நான் போனக் கையில எடுத்துட்டேன். படகு பேட்டரியில சார்ஜ் போட்டு வச்சிருந்தோம். வேணாம் குணா, எவனாச்சும் அவசரத்துல ஏறிருவான்னு சொன்னாரு. வச்சிட்டேன். நான் வச்சிருக்கக் கூடாது.”

அமுதவல்லி அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ராயப்பன் இறந்த அன்று உண்மையில் நடந்ததை ஆறு ஆண்டுகளாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகூட அவள் வரவில்லை.

அன்று உப்புக்கரைக்குப் போகிற ஃபீடரிலேயே, அதாவது அதே மின்பாதையிலேயே, ஒரு டிராக்டர் சார்ஜிங் நிலையத்துக்குப் புது இணைப்பு தர வேண்டியிருந்தது. திறப்பு விழாவுக்கு ஆட்கள் கூடி நின்றார்கள். ராயப்பன் குழுவின் எர்த் ராடை அந்த வேலைக்கு அனுப்பியவள் அவள்தான். இன்னொரு செட் வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. கம்பத்திலிருந்து ராயப்பன் போனில் பேசியது காற்றில் சரியாகக் கேட்கவில்லை. முடிஞ்சிருச்சு என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, அவன் இறங்கி லைனை ஒப்படைக்கும்முன், ஃபீடரில் மின்சாரத்தைப் போடச் சொன்னாள். அலுவலகத்தில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சை அவள் பிறகு தனியாகக் கேட்டாள். முடியப்போவுது என்றுதான் அவன் சொல்லியிருந்தான். அந்தப் பதிவை அழித்தாள். அறிக்கையை எழுதியவளும் அவள்தான். இனி தன் அலுவலக நாற்காலியில் அவசரத்தில் முடிவெடுக்கிற மனிதர் யாரும் இருக்கக் கூடாது என்றுதான் 'வரிசை'யை உருவாக்கினாள். அதை நல்ல காரியம் என்றே நம்பியிருந்தாள்.

இவ்வளவையும் அவள் குணவதியிடம் சொன்னாள். நின்றுகொண்டே, கீழே பார்த்தபடி, அலுவலகத்தில் விவரம் சொல்வதுபோலத்தான் சொல்ல முடிந்தது. நீங்கள் கூப்பிட்டதால் அவர் சாகவில்லை, உங்கள் கணவர் நினைத்தது தவறு, தவறு என்னுடையது என்று முடித்தாள்.

குடங்களோடு நின்ற பெண்களுக்குப் பாதி கேட்டிருக்கும். குணவதி அவளைப் பார்க்காமலே நிரம்பி வழிந்த ஒரு குடத்தை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். அடிப்பாள் என்றுகூட அமுதவல்லி எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது.

“இத ஸ்டெல்லாக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

ஸ்டெல்லா ராயப்பனின் மனைவி. இல்லை என்று அமுதவல்லி தலையசைத்தாள்.

“வருசா வருசம் அண்ணன் செத்த நாளுக்கு நாங்க பத்துப் பேரு அது வீட்டுக்குப் போவோம். காலுல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வருவோம். அதுவும் சாப்பாடு போட்டு அனுப்பும்.” குணவதி முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். “போயி மொதல்ல அதுகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட அப்பறம் வாங்க. இப்ப இங்க நிக்காதீங்க.”

அமுதவல்லி நேராக அலுவலகம் போய், நடந்தது முழுவதையும் நான்கு பக்கக் கடிதமாக எழுதினாள். அத்தோடு ஓர் உத்தரவும் எழுதிக் கையெழுத்திட்டாள்: புயலுக்குப் பிறகு இருபத்து நான்கு மணி நேரத்தில் எந்த ஊரிலிருந்து அழைப்பு வரவில்லையோ அங்கே முதலில் ஆள் நேரில் போக வேண்டும், தாங்கும் நேரம் என்ற கணக்கு இனி கிடையாது. மறுநாள் இரண்டையும் வேதரத்தினத்திடம் கொடுத்தாள். அவர் படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உத்தரவு இருக்கட்டும், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்றார். புதிதாகப் பன்னிரண்டு ஊர்கள் சங்கத்தில் சேர இருக்கின்றன, இந்த நேரத்தில் இது வெளியே வந்தால் எல்லாம் நின்றுபோகும், இறந்தவன் இனி வரப்போவதில்லை என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர். தன் குரலையே வேறொருவர் வாயிலிருந்து கேட்பதுபோல அவளுக்கு இருந்தது. கடிதத்தின் நகல் ஒன்று காவல் நிலையத்துக்கும் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அங்கிருந்து நேராக மணற்காட்டுக்குப் போனாள். ஸ்டெல்லா அங்கே மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புது லைன் முடிந்து ஆலை ஓடத் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். தலையில் வெள்ளைத் தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸுமாக வந்த ஸ்டெல்லாவுக்கு அமுதவல்லியை அடையாளம் தெரிந்தது. என்ன மேடம் இவ்வளவு தூரம் என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வேலிக்கருகே ஒரு புங்க மரத்தின் கீழே இருவரும் நின்றார்கள். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று அமுதவல்லி நினைத்திருந்தாள். இருக்கவில்லை. கடிதத்தின் நகலையும் நீட்டினாள். ஸ்டெல்லா அதை வாங்கவில்லை.

“அவரு அவசரக்காரரு இல்ல” என்றாள். “வீட்டுல ஒரு பல்பு மாட்டுறதுன்னாகூட மெயின நிறுத்திட்டு, ரெண்டு தடவ போயிப் பாத்துட்டு வருவாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் நீங்க எழுதுனத நம்புனேன். எம்மக எதையாச்சும் படபடன்னு செஞ்சா, ஒங்கப்பா மாதிரி அவசரப்படாதடின்னு சொல்லுவேன். ஆறு வருசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

அமுதவல்லி மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தாள். ஸ்டெல்லா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“அந்தச் சொல்ல எங்கிட்ட சொல்லாதீங்க. உப்புக்கரை ஜனங்க வருசா வருசம் வந்து அழுவாங்க. மன்னிச்சிட்டேன் போங்கன்னு பெரிய மனசுக்காரி மாதிரி சொல்லி அனுப்புவேன். சித்திரவேலு எங்காலப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கவே மாட்டான். செய்யாத தப்புக்கு அவன மன்னிச்சேனே மேடம். அத நான் எப்படித் திரும்ப வாங்குறது?”

ஸ்டெல்லா தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினாள். பிறகு உள்ளே போய் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். என்னை உப்புக்கரையில் கொண்டுபோய் விடுங்கள் என்றாள்.

பதினெட்டு கிலோமீட்டர். தண்ணீர் நிலையத்துக்குச் சற்று முன்பே ஸ்டெல்லா ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். அமுதவல்லியும் கதவைத் திறந்தாள்.

“நீங்க எறங்க வேணாம்” என்றாள் ஸ்டெல்லா.

அமுதவல்லி கதவைச் சாத்திக்கொண்டாள். மதிய வெயில் சேற்றின் மேல் கண்கூசும்படி அடித்தது. ஸ்டெல்லா நடந்துபோவதைப் பார்த்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தை இறக்கி வைத்தார்கள். கடைசியாகக் குணவதி குழாயை மூடிவிட்டு எழுந்து வந்தாள். வழக்கம்போலக் காலைத் தொடப்போகிறாள் என்று தோன்றியது. அதற்குள் ஸ்டெல்லா குனிந்துவிட்டாள். ஜீப் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அமுதவல்லி அதைப் பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு போகவும் அவளால் முடியவில்லை.